எதிர்ப்படையின் முரசு

என் மகள் ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்த அன்று நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

அவளுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூட பேண்டில் டிரம் அடிப்பவள். அவளுடைய பேண்ட் ஆசிரியர், பழைய காலத்துப் போர்களை நடித்துக் காட்டும் குழு ஒன்றில் இருந்தார். அமெரிக்காவில் இப்படி ஒரு கூட்டம் உண்டு. வாரம் முழுவதும் பல் பிடுங்குவார்கள், வீடு விற்பார்கள், சாஃப்ட்வேர் எழுதுவார்கள். சனிக்கிழமை ஆனால் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பட்டாளத்துக்காரர்களாக மாறி, கொளுத்தும் வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டி, எதிரெதிரே வரிசையாக நின்று குண்டில்லாத வெடிமருந்தால் சுட்டுக்கொள்வார்கள். அந்தக் குழுவில் பதினெட்டு வயது ஆகாதவர்கள் கையில் துப்பாக்கி தரமாட்டார்கள், முரசு தருவார்கள். என் மகள் அதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதுவும் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் முரசுக்காரியாக.

நான் வேலூர்க்காரன். கோட்டை அகழியை ஒட்டி நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலை மாதத்தில், கோட்டைக்கு எதிரே இருக்கும் சிப்பாய்கள் நினைவுத்தூணுக்கு எங்களை வரிசையில் அழைத்துப்போவார்கள். புதுத் தலைப்பாகையைப் போட மாட்டோம், தாடியை எடுக்க மாட்டோம், நெற்றிக் குறியை அழிக்க மாட்டோம் என்று 1806இல் அந்தக் கோட்டைக்குள் எழுந்தவர்கள் அவர்கள். எழுந்து ஒரு பகல்கூட முழுதாகத் தாண்டவில்லை, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து நூற்றுக்கணக்கில் கொன்று போட்டது. எங்கள் குடும்பத்தில் யாரும் அதில் செத்ததாக எந்த ஆதாரமும் கிடையாது. ஆனாலும் அந்தத் தூணைக் கடக்கும்போதெல்லாம் சொந்தக்காரர் யாரோ அங்கே இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். அப்படி வளர்ந்தவன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு சிவப்புக் கோட்டு வந்து நின்றால் எப்படி இருக்கும்?

"என்னடி இது?" என்றேன்.

"யூனிஃபார்ம், அத்தா. சூப்பரா இருக்குல்ல?"

"இது யார் கோட்டு தெரியுமா உனக்கு? நம்ம ஆளுங்களைச் சுட்டவன் கோட்டு."

அவள் சண்டைக்கு வரவில்லை. கைப்பேசியை எடுத்து இரண்டு நிமிஷம் எதையோ தேடினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

"உங்க வேலூர் சிப்பாய்ஸ் என்ன கலர் கோட்டு போட்டிருந்தாங்க, பாருங்க. ரெட். அவங்களும் ரெட்கோட்ஸ்தான், அத்தா. அவங்களைச் சுட வந்த கேவல்ரியிலயும் நம்ம ஆளுங்க இருந்தாங்க. ஸோ, ஹூ இஸ் நம்ம ஆளு?"

அவள் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் என் கோபத்துக்குக் காரணம். தப்பாகப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வராது, பொறுமையாக விளக்குவேன். சரியாகப் பேசிவிட்டால் மூக்குக்கு மேல் வந்துவிடும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"இதைப் போட்டுக்கிட்டு நின்னா நீ என் பொண்ணே இல்ல" என்றேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள். "என்னங்க இது, வாயைக் கழுவுங்க முதல்ல!" என்றாள். மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினாள்.

அன்றிலிருந்து ஒரே மேஜையில் என் எதிரே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அத்தாகிட்ட கார் சாவி வேணும்னு சொல்லு" என்பாள். மனைவி என் பக்கம் திரும்பி அதையே ஒருமுறை சொல்வாள். நான் சாவியை மனைவியிடம் கொடுப்பேன். ஜெர்சி சிட்டியில் எங்கள் வீடு இரண்டு படுக்கையறை அடுக்ககம். சண்டை போட்டுக்கொண்டு விலகி நிற்கக்கூட இடம் போதாது. அவளுக்குப் பிடிக்கும் என்று பிரியாணி செய்தேன். நல்ல மரத்தில் செய்த முரசுக்குச்சிகள் ஒரு ஜோடி வாங்கி மேஜைமேல் வைத்தேன். தாய் மூலமாக நன்றி வந்தது. மன்னிப்புக் கேட்பது ஒன்றுதான் பாக்கி. ஆனால் எங்கள் குடும்பத்து ஆண்கள் யார் வாயிலிருந்தும் மன்னிப்பு என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் அவள் டெக்சஸ் போகிறாள். ரிச்சர்ட்சனில் கல்லூரி. "அங்க போனப்புறம் போன்ல பேசி சரி பண்ணிக்கலாம்" என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னையும் தெரியும், என் மகளையும் தெரியும். வீட்டில் பேசாதவர்கள் போனில் பேசப்போவதில்லை. இந்த மௌனத்தையும் பெட்டியில் வைத்து அவள் எடுத்துப்போய்விட்டால் அது அங்கேயே ஊறிக் கெட்டியாகிவிடும் என்று பயந்தேன். உண்மையாகவே பயந்தேன்.

ஜூலைக் கடைசியில் அவளுடைய கடைசிப் போர். "ஒரு தடவை போய்த்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி. "அவ என்ன பண்றான்னு பார்க்காமலே திட்டினீங்க. பார்த்துட்டாவது திட்டுங்க."

சரி என்று அலுவலகத்தில் இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவில் அந்தக் குழுவின் வலைப்பக்கத்தில் பதிவு செய்தேன். பெயர், வயது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் கேட்டது. வேடிக்கை பார்க்க வருகிறவனிடம் இத்தனை கேள்வியா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கடைசியில் ஒரு பட்டியல் விரிந்தது: பிரிட்டிஷ், பிரெஞ்சு, இந்தியன். பதினெட்டு வருஷமாக இந்த நாட்டில் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவன் நான். விசா படிவம், கிரீன் கார்டு படிவம், தடுப்பூசிப் படிவம். கை தானாக இறங்கி 'இந்தியன்' என்பதைத் தொட்டது. அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை மகள் தன் குழுவோடு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். நான் வருவதை அவளிடம் சொல்லவேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு மேற்கே போனேன். ஃப்ரீவே முடிந்து, மலை ஏறி இறங்கி, டெலவேர் ஆற்றின் கரைக்கு வந்தால் பெரிய புல்வெளி. அதன் ஓரத்தில் கூர்சீவிய மரங்களை நட்டு ஒரு சின்னக் கோட்டை கட்டியிருந்தார்கள். ஒருகாலத்தில் இந்த ஆறுதான் எல்லை. ஆங்கிலேயர்களின் பண்ணைகள் இதோடு முடிந்தன. அப்பால் காடு, காட்டுக்குள் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள், அவர்களோடு கூட்டுச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள். நடித்துக்காட்டுவது குறிப்பிட்ட எந்தப் போரையும் அல்ல, அந்த எல்லையில் ஒரு சண்டை எப்படி நடந்திருக்குமோ அதை என்று வாசலில் எழுதிவைத்திருந்தார்கள்.

பதிவு மேஜையில் இருந்த பெண்மணி தன் பட்டியலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீங்க இந்தியன் அணியில பதிவு பண்ணியிருக்கீங்க" என்றார் ஆங்கிலத்தில்.

"ஆமாம், இந்தியன்தான்" என்றேன்.

அவர் முகத்தில் என்னென்னவோ ஓடின. அடக்கிக்கொண்டு, பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார். என் வயசு இருக்கும், நீளமாக வளர்த்துப் பின்னிய முடி. அவர் லெனாப்பே இனத்தவர். இந்த ஆற்றங்கரை முழுவதும் ஒருகாலத்தில் அவருடைய மக்களுடையது. துரத்தப்பட்டுத் துரத்தப்பட்டு ஓக்லஹோமாவில் போய் நின்றவர்களின் வம்சம். அந்த அணியில் அவர்கள் நான்கு பேர்தான், நான்கு பேரும் அந்த மண்ணின் ஆட்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்க்க வரவில்லை, போரிடப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதுவும் யாருடைய பெயரில்! காது மடலெல்லாம் சுட்டது. அசடு வழிய நின்றேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐந்நூறு வருஷமா உங்க பேரைச் சொல்லி எங்களைக் கூப்பிடறாங்க. இன்னிக்குத்தான் ஒருத்தர் திருப்பிக் கொடுக்க வந்திருக்கார்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, இதமாகத்தான் சொன்னார், தங்கள் உடையை வேறு யாரும் போட முடியாது என்று. நான் கேட்டிருக்கவும் மாட்டேன். இவ்வளவு தூரம் வந்த காரணத்தைக் கேட்டார். யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சொல்லிவிட்டேன். மகள், கோட்டு, நான் சொன்ன வாக்கியம் எல்லாம். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பிரெஞ்சுப் பக்கம் எப்பவும் ஆள் பத்தாது" என்றார் கடைசியில். "தோக்கற பக்கம் நிக்க யாருக்கு ஆசை? போய் நில்லுங்க. உங்க பொண்ணை இங்கிருந்து பார்க்கறதைவிட அங்கிருந்து நல்லாப் பார்க்கலாம்."

இப்படித்தான் வேலூர்க்காரன் ஒருவன் சாம்பல் நிறக் கோட்டும் முக்கோணத் தொப்பியுமாக பிரெஞ்சுப் படையில் சேர்ந்தான். பயிற்சி இல்லாதவன் என்பதால் எனக்குத் துப்பாக்கி இல்லை, தோளில் ஒரு வெறும் தோல்பை மட்டும். என் வேலை சாவது. பக்கத்தில் நின்றவர், ஓய்வு பெற்ற பல் மருத்துவர், பாடம் எடுத்தார். முதல் வேட்டுக்கு நிற்க வேண்டும். இரண்டாவது வேட்டுக்கு விழ வேண்டும். விழும்போது என்ன வேண்டுமானாலும் கத்தலாம், 'மெடிக்' என்ற ஒரு சொல்லைத் தவிர. அது நிஜமாக அடிபட்டவர்களுக்கானது. யார் வாயிலிருந்து அது வந்தாலும் இரண்டு படையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

நாங்கள் முப்பது பேர், காட்டின் ஓரத்தில் வரிசையாக நின்றோம். எதிரே புல்வெளி ஒரு மேடாக ஏறி மறைந்தது. ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் கம்பளி உடம்பை அரித்தது. என்ன பைத்தியக்காரத்தனம் இது, ஏர் கண்டிஷனர் போட்ட வீட்டை விட்டுவிட்டு என்று நான் அலுத்துக்கொண்டிருந்தபோது மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முரசு கேட்டது.

நான் அதுவரை முரசைக் கேட்டதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணத்தில், தர்காவில், அவளுடைய பள்ளிக்கூட விழாவில் கேட்டதெல்லாம் வேறு. இது காதுக்கு வரவில்லை, நேராக நெஞ்சுக்கூட்டுக்குள் வந்தது. என் பக்கத்தில் நின்ற பல் மருத்துவர், பத்து வருஷமாக இதைச் செய்கிறவர், எச்சில் விழுங்குவதைப் பார்த்தேன். முதலில் தொப்பிகள் தெரிந்தன. பிறகு துப்பாக்கி முனைகள். பிறகு மேடு முழுவதும் சிவப்பாகியது.

நாற்பது பேர்தான். எண்ணியே பார்த்தேன். ஆனால் நாற்பது பேராக அவர்கள் வரவில்லை. ஒரே ஆளாக வந்தார்கள். நாற்பது இடதுகால் ஒன்றாக எழுந்தது, ஒன்றாக விழுந்தது. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. அவசரமே இல்லாமல், நிற்கவும் நிற்காமல், எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் வீடு விற்பவர்கள், கணக்கு வாத்தியார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? இதைப்போல ஒன்றுக்கு எதிரே வேலூரில் நின்றவர்கள் இருந்தார்களே, ஓடாமல் நின்றார்களே என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தூணில் எழுதியதைப் படித்து வளர்ந்தவன் நான். நிற்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் இதுவரை காட்டியதில்லை.

வரிசையின் வலது ஓரத்தில் அவள் வந்தாள்.

தலைமுடியை இறுகக் கட்டித் தொப்பிக்குள் செருகியிருந்தாள். இடது தொடைமேல் முரசு. முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுமையும் இல்லை, முழுக்க முழுக்க அந்த வேலையில் இருந்தாள். நான்கு மாதமாக அவள் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் முதுகும், மூடுகிற கதவும்தான். நான் அவள் பக்கத்துக் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்திருந்தால் அன்றைக்கும் முதுகுதான் தெரிந்திருக்கும். எதிரியாக நின்றதால் முகம் கிடைத்தது.

அவள் கை சற்று மாறியது. அடி வேறாயிற்று. உடனே அந்த நாற்பது பேரும், பெரிய கதவு ஒன்று கீலில் திரும்புவது போல, வரிசை கலையாமல் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் படையைக் குதிரைமேல் இருந்த அதிகாரி நடத்தவில்லை. அவர் சொல்வது புகையிலும் சத்தத்திலும் யாருக்குக் கேட்கும்? என் மகளின் இரண்டு குச்சிகள்தான் நடத்துகின்றன. அவள் அடித்தால் நடக்கிறார்கள். நிறுத்தினால் நிற்பார்கள். பாத்திரம் கழுவ நாலு முறை சொல்ல வேண்டிய பெண்! இவளுக்குள் இப்படி ஒருத்தி எப்போது வந்து உட்கார்ந்தாள்? அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். பல் மருத்துவர் திரும்பிப் பார்த்தார்.

முரசு ஓய்ந்தது. கட்டளைகள் வந்தன. நாற்பது துப்பாக்கிகள் எழுந்தன. எங்கள் தலைக்கு மேலேதான் குறிவைப்பார்கள் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கறுப்பு ஓட்டைகளைப் பார்த்தபோது சொன்னதெல்லாம் மறந்துவிட்டது.

வேட்டு வெடித்தது. தனித்தனியாக இல்லை, ஒரே அடியாக. மண் அதிர்ந்தது. நிற்க வேண்டியவன் நான். என் கால்கள் அதைக் கேட்கவில்லை. பின்னால் துள்ளினேன். குதிகால் ஏதோ பிராணி தோண்டிய வளைக்குள் போயிற்று. கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் 'நறுக்' என்று ஒரு சத்தம், முழங்கைவரை நெருப்பு.

"ஐயோ அம்மா!" என்று அலறினேன்.

நானாகச் சொல்லவில்லை. நடிப்பதற்கு வேறு ஒன்று யோசித்து வைத்திருந்தேன், பிரெஞ்சில் இரண்டு வார்த்தைகூட மனப்பாடம் செய்திருந்தேன். நிஜமாக அடிபட்டால் நம் வாயில் அம்மாதான் வருகிறாள், எந்த ஊரில் விழுந்தாலும், எந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு விழுந்தாலும். புல்வெளி ஓரத்தில் வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். பல் மருத்துவர் உதட்டை அசைக்காமல், "பிரமாதம், ஆனா இது முதல் வேட்டு" என்றார். மணிக்கட்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன்.

புகை அடர்த்தியாக இறங்கியது. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்த வாசனை. புகைக்கு அப்பால் முரசு மறுபடி தொடங்கியது. நடக்கச் சொல்லும் அடி. காலடிகள் வந்தன. ஐந்து அடி, ஆறு அடி இருக்கும், எழுந்திருக்கப் பார்த்து மறுபடி "அம்மா!" என்று அலறினேன்.

முரசு ஒரு தட்டுத் தவறியது. பிறகு நின்றுவிட்டது.

காலடிகள் குழம்பின. ஒவ்வொன்றாக நின்றன. யாரும் கட்டளை கொடுக்கவில்லை. அந்த நிசப்தத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண்குரல் வந்தது.

"மெடிக்! மெடிக்!"

இரண்டு படையும் நின்றது. துப்பாக்கிகள் தரையில் இறங்கும் சத்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டது. புகைக்குள்ளிருந்து சிவப்புக் கோட்டு ஒன்று என்னை நோக்கி ஓடிவந்தது. தொப்பி எங்கேயோ விழுந்திருந்தது, முரசு இடுப்பில் மோதி மோதித் துள்ளியது. ஒரு கணம், அந்த ஒரு கணம், எனக்கு உண்மையான பயம் வந்தது. அப்புறம்தான் முகம் தெரிந்தது.

"அத்தா!"

நான்கு மாதத்தில் முதல்முறை.

முழங்கால் போட்டு விழுந்து என் நெஞ்சில் கை வைத்தாள். "எங்க, எங்க வலிக்குது? ஹார்ட்டா? டெல் மீ, அத்தா!"

"கை. கைதாம்மா. வேற ஒண்ணுமில்ல."

"நீங்க எதுக்கு இங்க? வொய் ஆர் யூ பிரெஞ்ச்?"

"ஃபார்ம் தப்பா ஃபில் பண்ணிட்டேன்" என்றேன்.

அவள் அழுதாளா, சிரித்தாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பல் மருத்துவர் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நடிப்புன்னுதானே நினைச்சோம், உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று அவளைக் கேட்டார்.

"ஹீ செட் அம்மா" என்றாள்.

எழுபது பேருக்கு மேல் நின்ற அந்த மைதானத்தில் அந்தச் சொல் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அவளும் எதிர்ப்பக்கம். அதைக் கேட்டதும் அவள் கை நின்றது. கை நின்றதும் ஒரு படையே நின்றது. புல்லில் மல்லாந்து கிடந்தபடி நான் சுற்றிலும் பார்த்தேன். சிவப்புக் கோட்டுகளும் சாம்பல் கோட்டுகளும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வேலூர்க்காரனின் மணிக்கட்டுக்காகக் காத்து நின்றார்கள். வேலூர்க் கோட்டைக்குள் விழுந்தவர்களும் இதே சொல்லைத்தான் கத்தியிருப்பார்கள். சுட்டவர்களில் இந்தச் சொல் தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள், அது அவள் மார்ச்சிலேயே எனக்குச் சொன்னதுதான். அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். விழுந்தும் யாருடைய கையும் நிற்கவில்லை. இத்தனை வருஷம் அந்தத் தூணுக்கு முன்னால் நின்றும் இது எனக்குத் தோன்றியதில்லை. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் என் மகளின் கை நின்றது.

முதலுதவிக் கூடாரத்தில் கையில் பட்டை வைத்துக் கட்டினார்கள். உடைந்திருக்காது, ஆனாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்றார் அங்கிருந்த நர்ஸ். மகள் என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெளியே இரண்டு படையும் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அவளுடைய பேண்ட் ஆசிரியர், அந்தப் படையின் சார்ஜென்ட், உள்ளே தலையை நீட்டினார். "நீ இங்கேயே இருக்கணும்னா இரு. இதோட முடிச்சுக்கலாம். முரசு இல்லாம எங்களால நடக்க முடியாது" என்றார்.

"ஐ வில் ஸ்டே" என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டு வெளியே காத்து நின்றார்.

அவள் முரசை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"யூ டைட் டூ எர்லி, அத்தா" என்றாள். "செகண்ட் வேட்டுக்குத்தான் விழணும்."

"அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றேன்.

"எது?"

தெரிந்துதான் கேட்டாள். என் வாயால் வரவேண்டும் என்று கேட்டாள். என்னிடமிருந்து கற்றுக்கொண்ட பிடிவாதம்தான்.

"நீ என் பொண்ணு இல்லைன்னு சொன்னது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை. அவள் முரசின் தோலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாலு மாசம் வெயிட் பண்ணேன்" என்றாள். "எவ்ரி டே."

"தெரியும். எனக்கும் தினமும் வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல வரல."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். கம்பளி வியர்வையில் நனைந்து நாற்றமடித்தது, இரண்டு பேருடையதும்தான். வெளியே யாரோ இருமினார்கள்.

"நீ போ" என்றேன். "உன் ஆளுங்க நிக்கறாங்க பாரு."

"ஷுவரா?"

"போய் அடி. நான் இன்னும் முழுசாப் பார்க்கல."

எழுந்தாள். ஓடிவந்தபோது முரசு வாரின் கொக்கி முதுகுப்பக்கம் கழன்றிருந்தது, அவளுக்கு எட்டவில்லை. திரும்பி நின்றாள். ஒரு கையால் எனக்கு நேரம் பிடித்தது. கொக்கியை மாட்டினேன். சிவப்புக் கோட்டின் முதுகில் புல் ஒட்டியிருந்தது, அதையும் தட்டிவிட்டேன். அவள் ஓடினாள்.

முரசு தொடங்கியது. நாற்பது பேரும் ஒரே காலாக எழுந்து நடந்தார்கள். கூடாரத்து வாசலில் நின்று நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் பக்கத்தில் வந்து நின்று, என் சாம்பல் கோட்டைப் பார்த்துவிட்டு, உங்கள் ஆட்கள் தோற்றுக்கொண்டிருக்கிறார்களே என்று கேலி செய்தார்.

கட்டுப்போட்ட கையைத் தூக்கி வரிசையின் வலது ஓரத்தைக் காட்டினேன்.

"அதோ, முரசு" என்றேன். "தட்ஸ் மை டாட்டர்."